இடது பின்கதவின் நிறம்

மார்ச் 9

பாப்பாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ ஊருக்குத் திரும்பிப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. சாப்பிடுகிறேனா என்று கேட்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாப்பிடுகிறேன், குளிக்கிறேன், சீட் கவர் கடைக்கு வேலைக்கும் போகிறேன். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது? மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க நிற்காதே, ஒரு ஸ்டூல் போடச் சொல்லி உட்கார்.

நேற்று உன் அண்ணன் வேலை பார்த்த கார் பெயிண்ட் பட்டறைக்குப் போனேன். அவருடைய சாப்பாட்டு டப்பாவும் வேலைச் சட்டை இரண்டும் அங்கேயே கிடந்தன. எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஒரு காரைப் பார்த்தேன். பல் டாக்டர் அம்மாவின் பழைய கார். பச்சையா நீலமா என்று கேட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிறம். அதன் இடது பின்கதவு நசுங்கி வந்தது. உன் அண்ணன் பட்டி வைத்துத் தேய்த்து, நிறம் கலந்து அடித்துக் கொடுத்தார். அதைக் கொடுத்த ஐந்தாம் நாள் காலையில்தான் அவர் குழாயடியில் விழுந்தார். அவர் கைபட்ட கடைசி வேலை அது.

அந்தக் கார் திரும்பி வந்திருக்கிறது. கதவு மட்டும் தனியாகத் தெரிகிறதாம். முதலாளி என்னைப் பார்த்ததும் தலையைச் சொறிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கடைசியில அவருக்குக் கண்ணு சரியில்லன்னு நினைக்கிறேன்" என்றார்.

புதிதாக வந்திருக்கிற பெயிண்டர் பக்கத்தில் நின்றிருந்தார். "கண்ணை மூடிக்கிட்டு அடிச்சிருந்தாக்கூட இதைவிடக் கிட்ட வந்திருக்கும்" என்று சிரித்தார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் தின்னர் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இனி அந்தக் காரை முழுக்கத் தேய்த்து வெள்ளை அடிக்கப் போகிறார்களாம். பாப்பா, முப்பத்தொரு வருஷம் அந்தப் பட்டறையில் உன் அண்ணன் நிறம் கலந்தார். ஒரு வண்டிகூடத் திரும்பி வந்ததில்லை. கடைசி வண்டி திரும்பி வந்தது, கண் போன ஆள் என்ற பேரும் வந்தது. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனசு இல்லை. டாக்டர் அம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், ஜூன் இருபதாம் தேதிதான் வருவார். அதுவரை தேய்க்காதீர்கள், எங்கே தப்பு நடந்தது என்று நான் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க எப்படிம்மா?" என்றார் முதலாளி. எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அவர் உனக்கு மாதம் தவறாமல் எழுதுவாரே, காரைப் பற்றி, படங்களைப் பற்றி, விஞ்ஞானம், உலகத்து நடப்பு என்று. முன்பெல்லாம் தபாலில் போடும் முன் எனக்குப் படித்துக் காட்டுவார். கடைசி ஒரு வருஷம் காட்டவில்லை. கேட்டால், "எல்லாம் பெயிண்ட் கதைதான், உனக்குத் தூக்கம் வரும்" என்பார். அந்த நிறத்தை எப்படிக் கலந்தார் என்று உனக்கு எழுதியிருப்பார். அனுப்பு. படித்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. முட்டி பரவாயில்லை. ஸ்டூல் போட்டுவிட்டார்கள். ஆனால் வாடிக்கையாளர் வந்தால் நான்தான் எழுந்துவிடுகிறேன், பழக்கம் போகவில்லை. நீங்கள் சாப்பிடுகிறேன் என்று எழுதியதை அப்படியே நம்ப மாட்டேன். என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுதுங்கள்.

அண்ணனின் கடைசி மூன்று கடிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப அவசரமில்லை.

அண்ணி, ஒன்று சொல்கிறேன், கோபப்படாதீர்கள். அந்தக் கதவை விட்டுவிடுங்கள். முதலாளி தேய்த்தால் தேய்க்கட்டும். முப்பத்தொரு வருஷ வேலையை ஒரு கதவு அழித்துவிடாது. நீங்கள் இப்போது உங்கள் உடம்பைப் பாருங்கள்.

இந்தப் பக்கத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதனால் இதை மேலே வைத்திருக்கிறேன்.

உங்கள் பாப்பா

(மேலே இருந்த பக்கம்)

...பழைய கார்களுக்கு முகம் உண்டு, கவனித்திருக்கிறாயா பாப்பா? இரண்டு விளக்கும் கண், நடுவில் மூக்கு, பம்பர் உதடு. அந்தக் காலத்துக் கார்கள் எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி வந்தன. இப்போது வருகிறவை எல்லாம் முறைத்துக்கொண்டு வருகின்றன. மனிதர்களுக்கு நடுவில் என்ன கோபம் வந்தது, அதை ஏன் காரின் மூஞ்சியில் காட்டுகிறார்கள்? முதலாளியிடம் கேட்டேன். "நீ பேனட்டுக்குப் பாலிஷ் போடு, மூஞ்சியை நான் பார்த்துக்கறேன்" என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை ஓவியக் கூடத்துக்குப் போனேன். ஒரு சுவர், அதன் பக்கத்தில் ஒரு நாற்காலி, படம் அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைச் சுவர். மூக்கு இடிக்கிற தூரத்தில் போய்ப் பார்த்தால் அதில் வெள்ளையே இல்லை! இளநீலம், ரோஜா நிறம், எலுமிச்சை மஞ்சள். அப்படியானால் வெள்ளை சுவரில் இருக்கிறதா, என் மண்டைக்குள் இருக்கிறதா? காவலாளி வந்து, "ஐயா, பின்னாடி தள்ளுங்க. உங்க மூச்சுக்காத்து படத்துல படுது" என்றார்.

இன்னொன்று. சிவப்புக் கார்தான் சீக்கிரம் வெளுக்கிறது. ஏன் தெரியுமா? சிவப்பு என்பது வெளிச்சத்தில் உள்ள நீலத்தை எல்லாம் விழுங்கிவிட்டுச் சிவப்பை மட்டும் வெளியே விடுகிறது. நீல வெளிச்சத்துக்குத்தான் வீரியம் அதிகம். அதையே தினம் விழுங்கினால் வயிறு என்னாகும்?

எங்கள் பட்டறையில் கல்யாணத்துக்குப் போகிற காருக்கும் சாவுக்குப் போகிற காருக்கும் ஒரே பாலிஷ்தான். ஒரு நாட்டில் துக்கத்துக்குக் கறுப்பு உடுத்துகிறார்கள், இன்னொரு நாட்டில் வெள்ளை. நிறத்துக்கு ஒன்றும் தெரியாது, பாவம். நாம்தான் அதன் தலையில் எல்லாவற்றையும் கட்டுகிறோம்...


ஏப்ரல் 4

பாப்பாவுக்கு,

நேற்று ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டேன். முந்தாநாளும் அதுதான். நம்பினால் நம்பு. உனக்கு முட்டியில் வீக்கம் இருந்தால் சொல், வலியை மட்டும் எழுதிவிட்டு வீக்கத்தை மறைக்காதே.

மூன்று கடிதங்களையும் படிக்க எனக்கு ஆறு நாள் பிடித்தது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள், அதிலும் உன் அண்ணனின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். கார் முறைக்கிறது என்று படித்த மறுநாள் சாலையைக் கடக்க நின்றேன். எதிரே ஒரு பஸ் வந்தது. அதன் மூஞ்சியில் அப்படி ஓர் ஆச்சரியம், ஏதோ என்னை நடுரோட்டில் எதிர்பார்க்காத மாதிரி. சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு முதல் சிரிப்பு, அதுவும் பஸ்ஸைப் பார்த்து. பக்கத்தில் நின்ற அம்மா என்னிடமிருந்து தள்ளி நின்றுகொண்டாள்.

கதவைப் பார்க்கப் போனேன். காரை வெயிலுக்குத் தள்ளிக் காட்டினார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் வேறாகத்தான் தெரிந்தது. கதவு நீலத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது. முன்கதவும் டிக்கியும் ஒரு குடும்பம், இது மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஆனால் உன் அண்ணன் இதைப் பார்க்காமல் விட்டிருக்க மாட்டார். டப்பாவில் வந்த பெயிண்டில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். புதுப் பெயிண்டரிடம் அதே டப்பாக்களைக் கலந்து அட்டையில் அடித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பேசியதற்கு அவருக்கு வெட்கம் இருக்கிறது போல, சரி என்றார்.

இப்போது முக்கியமான விஷயம். உன் அண்ணன் பக்கத்துக்குப் பக்கம் மேல் மூலையில் எண் போட்டு வட்டம் போடுவார். ஜனவரி மாதக் கடிதத்தில் ஒன்று, இரண்டு, நான்கு இருக்கின்றன. மூன்று இல்லை. இரண்டாம் பக்கம், "டாக்டர் அம்மாவின் கார் வந்திருக்கிறது, இந்த நிறத்தை" என்று நிற்கிறது. நான்காம் பக்கம், "ஆகவே மார்ச்சில் கட்டாயம் வருகிறேன்" என்று ஆரம்பிக்கிறது. எனக்கு வேண்டியது நடுவில் இருப்பதுதான். வைக்க மறந்திருப்பாய். அனுப்பு.

அண்ணி


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. கடையில் கணக்கில்லாத கூட்டம், பள்ளி திறக்கும் முன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணாடி வேண்டும். ஒரு பெண் கண்ணாடி போட்டதும் வெளியே பார்த்து, "மரத்துல தனித்தனியா இலை இருக்கா!" என்று கத்தினாள். அண்ணன் இருந்திருந்தால் இதை எழுதி அனுப்பியிருப்பேன், அவர் இதற்கு எட்டுப் பக்கம் பதில் எழுதியிருப்பார்.

முட்டியில் வீக்கம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

பெயிண்ட் டப்பாவில் கோளாறு இருக்கலாம். வெயிலில் நின்றால் நிறம் மாறவும் செய்யும். நீங்கள் கொஞ்ச நாள் என்னோடு வந்து இருங்கள் அண்ணி. இங்கே மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. தையல் மெஷினும் இருக்கிறது. அந்தப் பட்டறைப் பக்கம் போகப் போக உங்களுக்குத்தான் மனசு ரணமாகும்.

மூன்றாம் பக்கத்தை வீடு முழுக்கத் தேடினேன். எங்கோ தவறிப்போயிருக்கும்.

உங்கள் பாப்பா


மே 5

பாப்பாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை எனக்கு. முட்டிக்கு ஒத்தடம் கொடு.

தேடினேன், தவறிப்போயிருக்கும் என்று எழுதியிருக்கிறாய். ஒரு கண்ணாடியின் திருகாணி தரையில் விழுந்தால், கடைக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்து அதைத் தடவி எடுக்கிறவள் நீ. உன் அண்ணன் கைப்பட எழுதிய ஒரு பக்கத்தைத் தொலைத்தாய் என்றால் யார் நம்புவது?

டப்பாவில் கோளாறு இல்லை. பெயிண்டர் மூன்று தடவை கலந்து பார்த்துவிட்டார், பெயிண்ட் நல்ல பெயிண்ட். நீலம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். சேர்த்த கை யாருடையது என்று எனக்குத் தெரியும். ஏன் சேர்த்தது என்றுதான் தெரியவில்லை.

போன ஞாயிறு ஓவியக் கூடத்துக்குப் போனேன். நான் அங்கே போவது முதல் தடவை. அந்தச் சுவர்ப் படத்தின் முன்னால் நின்றேன். அவர் எழுதியது உண்மை, கிட்டப் போனால் வெள்ளை இல்லை. காவலாளி வந்தார். "இங்கே ஒரு ஐயா மாசாமாசம் வருவார், இப்பக் காணோம்" என்றார். நான் அவர் மனைவி என்று சொல்லவில்லை. காவலாளியே பேசிக்கொண்டு போனார். "கொஞ்ச நாளா அவரே என்னைக் கூப்பிட்டு, இது நீலமா கறுப்பான்னு கேட்பாரு. விளையாடறாருன்னு நினைச்சேன்" என்றார்.

பாப்பா, என்னிடமும் அவர் அப்படிக் கேட்டிருக்கிறார். நானும் விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

மார்ச்சில் அவர் உன் வீட்டுக்கு எதற்காக வருவதாக இருந்தார்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பக்கம் உன்னிடம்தான் இருக்கிறது. நான் தாங்க மாட்டேன் என்று பயப்படாதே. குழாயடியில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்சுக்குக் காத்திருந்தவள் நான். அதைவிடக் கனமான காகிதம் இருக்க முடியாது.

அனுப்பு.

அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

இத்துடன் மூன்றாம் பக்கம் இருக்கிறது. அது தொலையவே இல்லை. என் பீரோவில், சேலைக்கு அடியில் இருந்தது. அண்ணனிடம் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன், அவர் போன பிறகு அதை மீற எனக்குத் துணிச்சல் வரவில்லை. போன வருஷம் அவர் இங்கே வந்தபோது அவர் கண்ணை முதலில் பார்த்தது நான்தான். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி எத்தனையோ கடிதம் எழுதினேன். கடைசியில் மார்ச்சில் வர ஒத்துக்கொண்டது அதற்குத்தான். உங்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பீர்கள். எழுதவில்லை. அதுதான் என் குற்றம்.

உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்கு இன்று வாய் வரவில்லை.

பாப்பா

(மூன்றாம் பக்கம்)

...எப்படிப் பிடிப்பது என்றே தெரியவில்லை. உன் கடையில் நீ காட்டிய அட்டைகளில் நான் கறுப்பு என்று சொன்னதெல்லாம் நீலம் என்றாயே, அது இப்போது இன்னும் முற்றியிருக்கிறது. கண்புரை என்று நீ சொன்ன பேரைவிட எனக்கு ஒரு நல்ல பேர் கிடைத்திருக்கிறது. பழைய படங்களின் மேல் பூசிய வார்னிஷ் நாளாக நாளாக மஞ்சளாகும், வானமே பழுத்துவிடும். என் கண்ணுக்குள் அந்த வார்னிஷ் படிந்திருக்கிறது. விஞ்ஞானப்படி பார்த்தால் சுவாரசியமான விஷயம்தான். வேலை செய்து பிழைக்கிறவனுக்கு அவ்வளவு சுவாரசியம் இல்லை.

முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே வேறு ஆள் வைப்பார். உன் அண்ணிக்கும் சொல்லாதே. அதற்குக் காரணம் வேறு. போன ஒரு வருஷமாக அவள் கண்ணால்தான் நான் வேலை செய்கிறேன். மாலையில் அவள் கடை விட்டதும் பட்டறைக்கு வரச் சொல்கிறேன். இரண்டு அட்டையைக் காட்டி, "எது ஒத்துப்போகுது சொல்லு பார்ப்போம்" என்று பந்தயம் கட்டுகிற மாதிரி கேட்கிறேன். அவள் "இதுல மஞ்சள் தூக்கலா இருக்கு" என்றால் மஞ்சளைக் குறைக்கிறேன். ரெக்சினும் நூலும் பார்த்துப் பார்த்துத் தீட்டிய கண் அது, என்னுடையது நன்றாக இருந்த காலத்திலும் இவ்வளவு நுட்பம் இருந்ததில்லை. விஷயம் தெரிந்தால் பயப்படுவாள். பயந்துகொண்டு பார்க்கிறவர்களுக்கு எல்லா நிறமும் தப்பாகத்தான் தெரியும். விளையாட்டு என்று நினைக்கும்வரை அவள் சரியாகப் பார்ப்பாள்.

டாக்டர் அம்மாவின் கதவை முடித்துவிட்டால் பெரிய வேலை எதுவும் இல்லை...


ஜூன் 3

அண்ணி,

இரண்டு வாரமாகிவிட்டது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

பாப்பா


ஜூன் 8

பாப்பாவுக்கு,

உடம்பு இருக்கிறது. உன் முட்டியை நான் மறக்கவில்லை, ஆனால் இன்று அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

முதல் ஒரு வாரம் எனக்குக் கோபம்தான். உன் மேல் கொஞ்சம், அவர் மேல் நிறைய. என்னை மூக்குக்கண்ணாடி மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார். கண்ணாடிக்காவது அது கண்ணாடி என்று தெரியும். அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். இரண்டாம் நாள் திரும்பவும் நேராக வைத்தேன், மூஞ்சியைப் பார்த்துத் திட்டத்தான்.

அப்புறம்தான் அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. மழை. பட்டறையின் ஷட்டரைப் பாதி இறக்கி, டியூப்லைட் போட்டிருந்தார்கள். அவர் கதவின் பக்கத்தில் அட்டையை வைத்து, "இது ஒத்துப்போகுதா, சொல்லு" என்றார். எனக்கு பஸ் போய்விடும் என்ற அவசரம். செருப்பு வேறு நனைந்திருந்தது. அந்த வெளிச்சத்திலேயே ஒரு பார்வை பார்த்தேன். "ரெண்டும் ஒண்ணுதான். வாங்க போகலாம்" என்றேன். அவர் அட்டையின் பின்னால் ஒரு டிக் போட்டார்.

பாப்பா, ஒரு நூல்கண்டு வாங்கினால்கூடக் கடையின் டியூப்லைட்டை நம்பாமல் வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பார்க்கிறவள் நான். என் வேலையில் முதல் பாடமே அதுதான். உள்ளே ஒன்றாகத் தெரியும் இரண்டு கறுப்பு, வெளியே போனால் ஒன்று பழுப்பாக நிற்கும். காருக்கு அதைச் செய்யவில்லை. அது அவர் வேலை, நான் சும்மா நிற்கிறேன் என்று நினைத்தேன்.

ஆக, தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிப்பேன் என்றேனே, கண்டுபிடித்துவிட்டேன். முந்தாநாள் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், கண்புரை உட்பட.

அவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். "உட்காருங்கம்மா. போனவரைக் காப்பாத்த நீங்க எதையும் சொல்வீங்க, எனக்குப் புரியுது."

"காப்பாத்தணும்னா அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருந்ததுன்னு சொல்லியிருப்பேனே" என்றேன்.

அவர் மேஜையில் விரலால் கணக்குப் போட்டார். "அப்போ போன ஒரு வருஷமா இங்கேருந்து போன நாப்பது வண்டிக்கும் நிறம் பார்த்தது..."

"முப்பத்தொன்பதுக்கு ஒழுங்காப் பார்த்தேன்."

பெயிண்டர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நான் அன்னைக்குக் கேலி பண்ணது உங்களையா அக்கா?"

"ஆமா தம்பி. இனிமே பண்றதா இருந்தா நேரா என் மூஞ்சியைப் பார்த்துப் பண்ணு."

காரை முழுக்கத் தேய்க்க வேண்டாம், அந்தக் கதவை மட்டும் திரும்பச் செய்யலாம், நிறம் நான் பார்க்கிறேன், பெயிண்டர் தம்பி அடிக்கட்டும் என்றேன். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். டாக்டர் அம்மா வந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வெள்ளைதான், அப்புறம் நான் பேசக் கூடாது. சரி என்றேன்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்துகொண்டு பார்த்தால் எல்லாம் தப்பாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறாரே, அது நிஜமா? உன் கடையில் படித்தவர்களைக் கேட்டுச் சொல். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் ஏன் மாறுகிறது என்றும் கேள். செய்யத் தெரிந்தால் போதாது, இந்த முறை எனக்குக் காரணமும் தெரிய வேண்டும்.

அண்ணி


ஜூன் 13

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை உட்கார்ந்துதான் படித்தேன், முட்டிக்காக இல்லை.

கடைக்கு வரும் கண் டாக்டரிடம் கேட்டேன். வெயிலில் எல்லா நிற வெளிச்சமும் தொடர்ச்சியாக இருக்கிறதாம். டியூப்லைட்டில் சில நிறங்கள் தூக்கலாகவும் சில நிறங்கள் கொஞ்சமாகவும் இருக்கின்றன. வேறு வேறு டப்பாக்களில் கலந்த இரண்டு பெயிண்ட், அந்தக் குறையுள்ள வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்து ஏமாற்றும். வெயிலில் வந்ததும் வேஷம் கலைந்துவிடும். அதனால் ஒரே வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். வெயிலில், நிழலில், மேகம் மூடும்போது, டியூப்லைட்டில், எல்லாவற்றிலும் பார்த்து எல்லாவற்றிலும் ஒத்துப்போனால்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பயத்தைப் பற்றியும் கேட்டேன். டாக்டர் சிரித்துவிட்டு, பயத்தால் நிறம் மாறாது, ஆனால் பயப்படுகிறவர்கள் நெடுநேரம் உற்றுப் பார்ப்பார்கள், உற்றுப் பார்த்தால் கண் களைத்துவிடும் என்றார். ஒரு பார்வை பாருங்கள், பிறகு கொஞ்ச நேரம் சாம்பல் நிறத் தரையைப் பாருங்கள், பிறகு மறுபடி ஒரு பார்வை.

உங்கள் மேல் மட்டும் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். தெரிந்தே சும்மா இருந்தவள் நான். நீங்கள் தெரியாமல் இருந்தீர்கள்.

பாப்பா


ஜூன் 27

பாப்பாவுக்கு,

நீ எழுதிய டாக்டர் நல்ல டாக்டர். அவருக்கு என் வணக்கம் சொல். உன் முட்டியையும் அவரே பார்ப்பாரா என்று கேள்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். புதிய நிறம் ஏறுவதற்குப் பழைய நிறத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். பெயிண்டர் தம்பி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தார். நான் வாங்கிக்கொண்டேன். மார்ச் மாதத்தில் யாரும் தேய்க்கக் கூடாது என்று சண்டை போட்ட அதே கதவை நானே தேய்த்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. உன் அண்ணன் அடித்த நிறம் கரைந்து என் முழங்கைவரை வழிந்தது. தம்பி ஒரு தடவை, "விடுங்கக்கா, நான் பண்றேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை. முதலாளி அன்று காலை முழுக்க ஏதோ வேலை இருப்பதுபோல் வெளியிலேயே நின்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காரைத் திறந்த வெளிக்குத் தள்ளச் சொன்னேன். தம்பி கலக்க, நான் பார்க்க, அட்டை அட்டையாக அடித்தோம். முதல் அட்டை அழுக்காக இருந்தது. நான்காவது பச்சைப் பக்கம் ஓடிவிட்டது. ஏழாவதைப் பார்த்துத் தம்பி, "இதுதான், இதுதான்!" என்று குதித்தார். நிழலுக்குக் கொண்டுபோனேன், அங்கே நீலம் எட்டிப் பார்த்தது. "உங்க கண்ணுல பூதம் இருக்கா?" என்றார். ஒரு சொட்டு மஞ்சள், அதில் பாதிச் சொட்டுக் கறுப்பு, மறுபடி மஞ்சள் என்று போனது. கண் களைத்தபோதெல்லாம் தரையைப் பார்த்தேன். பதினான்காவது அட்டை வெயிலில் சரி, நிழலில் சரி, மேகம் வரும்வரை காத்திருந்து பார்த்தேன், அதிலும் சரி. கடைசியாக உள்ளே கொண்டுபோய் டியூப்லைட்டின் கீழ் பிடித்தேன். அதை நம்பவில்லை, ஆனாலும் கேட்டுவிடுவது நல்லதுதானே. அங்கேயும் சரியாக இருந்தது.

நடுவில் இரண்டு தடவை என்னை அறியாமல் பின்னால் திரும்பினேன், "இப்ப சொல்லுங்க" என்று கேட்பதற்கு. யாரிடம் கேட்பது? அட்டையை நானே திருப்பி, டிக் போட்டேன்.

டாக்டர் அம்மா இருபத்திரண்டாம் தேதி வந்தார். முதலாளிக்கு வியர்த்துவிட்டது. அந்த அம்மா காரைச் சுற்றினார். ஒரு தடவை, இரண்டு தடவை. குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஒரு சுற்று.

"எந்தக் கதவு?" என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முன்னால் போனேன். "இடது பக்கம், பின்கதவு. முதல்ல தப்பா நிறம் பார்த்தது நான்தான் டாக்டர். இப்பப் பார்த்ததும் நான்தான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த வெளிச்சத்துல பார்த்தீங்க?"

"முதல் தடவை டியூப்லைட்டுல. இந்தத் தடவை வானத்துக்குக் கீழ."

"அதானே! பொய்ப்பல் வைக்கறதுக்கு முன்னாடி நாங்களும் ஆளை ஜன்னலோரம் கூட்டிட்டுப் போய்த்தான் நிறம் பார்ப்போம். கிளினிக் லைட்டை நம்பினா, அவங்க சிரிக்கும்போதெல்லாம் நம்ம மானம் போகும்" என்றார். பிறகு கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "முன்னாடி இங்க ஒருத்தர் இருப்பாரே, என் காருக்கு மூஞ்சி இருக்குன்னு சொல்லுவார். அவர் எங்கே?" என்று கேட்டார்.

முதலாளி வாயைத் திறந்தார். அதற்குள் நானே சொன்னேன். "அவர் என் வீட்டுக்காரர். பிப்ரவரியில போயிட்டார். கடைசி ஒரு வருஷம் அவருக்கு நீலம் தெரியல. அவர் கலக்கினார், நான் பார்த்துச் சொன்னேன். அந்த ஒரு வருஷமும் எல்லாம் ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலை."

சொல்லிவிட்டேன் பாப்பா. அவர் மறைக்க நினைத்ததைத்தான் சொன்னேன். ஆனால் இப்போது பட்டறையில் யாரும் கண் போன ஆள் என்று சொல்வதில்லை. கண் போன பிறகும் ஒரு வருஷம் நாப்பது வண்டி அனுப்பின ஆள் என்று சொல்கிறார்கள். புதுப் பெயிண்டர்தான் எல்லோரிடமும் முதலில் சொல்வது.

முதலாளி என்னை வரச் சொல்லியிருக்கிறார். காலையில் பத்திலிருந்து பன்னிரண்டுவரை பட்டறையில் நிறம் பார்க்கிறேன், மத்தியானம் சீட் கவர். மழை பெய்தால் நிறம் பார்க்க மாட்டேன், எவ்வளவு அவசர வண்டியானாலும் காத்திருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி உன்னிடம் வருகிறேன். நான்கு நாள் இருப்பேன், அதற்கு மேல் இழுக்காதே. உன் கடையில் அண்ணனுக்குக் காட்டிய அந்த அட்டைகளை எடுத்து வைத்திரு. என் கண்ணைச் சோதித்து, இருப்பதை இருக்கிறபடி சொல். ஏதாவது இருந்தால் அங்கேயே ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாம். திரும்பி வந்ததும் முதலாளியிடம் நானே சொல்லிவிடுவேன்.

அண்ணி